வான்கோழி எண்ணெயில் இறங்கும் முன்

அன்புள்ள கண்ணம்மா,

இந்தத் தேங்க்ஸ்கிவிங்குக்கு முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கப் போவதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். ஃப்ரையர், பர்னர் எல்லாம் வாங்கியாகிவிட்டது என்றார். இங்கே ஹூஸ்டனில் அது பழகிப்போன சமாச்சாரம். பக்கத்து லூசியானாவில் வேரூன்றிப் பரவிய வழக்கம். ஓவனில் மூன்று மணி நேரம் வேகும் பறவை எண்ணெயில் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். தோல் மொறுமொறுவென்று இருக்கும், நெஞ்சுச் சதை வறண்டு போகாது. உங்களுக்கு ஆசை வந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். அமெரிக்காவில் சமையலால் வீடு தீப்பிடிப்பது வருஷத்திலேயே தேங்க்ஸ்கிவிங் வரும் அந்த ஒரு வியாழக்கிழமையில்தான் அதிகம். கேஸ் பர்னரில் எண்ணெயைக் காயவைத்து முழுப் பறவையை முக்கும் இந்தச் சாதனத்தையே உபயோகிக்க வேண்டாம் என்று தேசியத் தீத்தடுப்புச் சங்கம் சொல்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. சூடு தானாக நிற்கும்படி தெர்மோஸ்டாட் வைத்த எலக்ட்ரிக் ஃப்ரையருக்கு மாற்றிக்கொண்டால் எனக்குப் பாதிக் கவலை குறையும். கேஸ்தான் என்று முடிவு செய்துவிட்டால், கீழே எழுதியிருப்பதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

முதல் எதிரி தண்ணீர். காய்ந்த எண்ணெயில் ஈர அப்பளத்தைப் போட்டால் எப்படிச் சீறும் என்று உனக்குத் தெரியும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. பறவையின் வயிற்றுக்குள் ஒரு கைப்பிடி பனிக்கட்டி மிச்சமிருந்தாலே போதும், எண்ணெய் பொங்கி விளிம்பைத் தாண்டி வழியும். கீழே எரிகிற பர்னரில் அது பட்டதும் பானை முழுக்கத் தீப்பிடிக்கும். அதனால் வேலை ஞாயிற்றுக்கிழமையே தொடங்குகிறது. 12 பவுண்டுக்கு மேல் பெரிய பறவை வாங்காதே. உறைந்தது என்றால், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டு வைத்து அதன்மேல் வை. 4 பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்தால் மூன்று நாள் ஆகும். கையிருப்பாக இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்.

புதன் ராத்திரி வயிற்றுக்குள் கையை விட்டுப் பார். முதுகெலும்பை ஒட்டி விரலால் தடவு, அங்கேதான் பனி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். தொடையும் உடம்பும் சேரும் மூட்டை மடக்கிப் பார், விறைப்பாக இருந்தால் இன்னும் உருகவில்லை. கழுத்து, ஈரல் எல்லாம் ஒரு பொட்டலமாக உள்ளே இருக்கும், எடுத்துவிடு. கால்களைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் வளையம், நெஞ்சில் குத்தியிருக்கும் குட்டி டைமர், எதையும் விட்டுவிடாதே.

அங்கே வந்திருக்கும் சம்பந்தியம்மாவுக்கு அதை மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவாமல் மனசு கேட்காது. பக்குவமாகச் சொல்லிப் புரியவை. கழுவினால் கிருமி சிங்க் முழுக்கத் தெறிக்கும், பறவைக்குள் தண்ணீரும் தங்கும். தயிர், இஞ்சி பூண்டு விழுது பூசுவதும் வேண்டாம். மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு என்று உலர்ந்த மசாலாவாகத் தடவட்டும். அதற்கு முன் உள்ளேயும் வெளியேயும் பேப்பர் டவலால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், டவலில் ஈரம் ஒட்டாத வரைக்கும்.

அடுத்தது எண்ணெயின் அளவு. கண்ணால் பார்த்து ஊற்றும் வேலையே கூடாது. உறையைப் பிரிப்பதற்கு முன்பே பறவையைக் காலிப் பானையில் வைத்து, மேலே ஓர் அங்குலம் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்று. அந்த நிலையில் தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவே குறைந்தது நாலைந்து அங்குலம் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பானை சின்னது, அந்தப் பறவைக்கு ஆகாது. பிறகு பறவையைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள். எண்ணெய் அதுவரைதான். பானையைச் சொட்டு ஈரமில்லாமல் துடை.

மினியாபோலிஸ் குளிரில் கராஜுக்குள் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். கராஜ் வேண்டவே வேண்டாம். மர டெக்கும் வேண்டாம், கூரைச் சார்ப்பும் வேண்டாம். வீட்டிலிருந்து 10 அடிக்கு மேல் தள்ளி, திறந்த வெளியில், ஆடாத சமதரையில் வை. அன்றைக்குப் பனியோ மழையோ விழுந்தால் திட்டத்தைக் கைவிட்டு ஓவனில் வைத்துவிடு. மாவு போல விழும் பனியும் எண்ணெய்க்குத் தண்ணீர்தான்.

எண்ணெய் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்க வேண்டும். கேஸ் பர்னர்கள் பலவற்றில் சூடு தானாக நிற்காது, ஏறிக்கொண்டே போகும். தெர்மாமீட்டரைப் பார்த்தபடி ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். புகை தெரிந்தால் உடனே கேஸை மூடு.

பறவையை எண்ணெய்க்குள் இறக்கும்போது பர்னரை அணைத்துவிடு. இதை மட்டும் எக்காரணம் கொண்டும் மறக்காதே. நெருப்பு இல்லாவிட்டால் எண்ணெய் வழிந்தாலும் பற்றிக்கொள்ள வழியில்லை. மாப்பிள்ளை கொக்கியைப் பிடித்து அங்குலம் அங்குலமாக இறக்கட்டும், ஒரு நிமிஷத்துக்கு மேலேயே ஆகட்டும். கொதிப்பு அடங்கிய பிறகு பர்னரைப் பற்றவை. முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ, கண்ணுக்குக் கவசக் கண்ணாடி, முழங்கை வரை வரும் கையுறை எல்லாம் போட்டுக்கொள்ளச் சொல். நீ துப்பட்டாவோடு பக்கத்தில் போகாதே. பீர் எல்லாம் பானை ஆறின பிறகு.

பவுண்டுக்கு மூன்றரை நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் 12 பவுண்டுக்கு 42 நிமிஷம். பர்னரை மறுபடி அணைத்துவிட்டு வெளியே எடு. நெஞ்சின் தடித்த இடத்திலும் தொடையின் உட்புறத்திலும் எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார். எல்லா இடத்திலும் 165 டிகிரி வர வேண்டும். 20 நிமிஷம் அப்படியே விட்டு, அப்புறம் வெட்டலாம்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே. கைக்கு எட்டும் தூரத்தில் உலர்பொடித் தீயணைப்பான் இருக்கட்டும். கேஸை மூட முடிந்தால் மூடு, முடியாவிட்டால் எல்லாரையும் விலக்கிக்கொண்டு போய் 911-க்குப் போன் செய். பானையைத் தூக்கி நகர்த்த யாரையும் விடாதே.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க்கடையில் கிடைக்கும் செக்குக் கடலை எண்ணெயை வாங்கிவிடாதே. அது சுமார் 320 டிகிரியிலேயே புகைந்துவிடும். சுத்திகரித்த கடலை எண்ணெய் சுமார் 450 வரை தாங்கும். விருந்துக்கு வருகிறவர்களில் கடலை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால் கனோலா வாங்கு. சமையல் முடிந்த பிறகும் பானை பல மணி நேரம் சூடாகவே இருக்கும், பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள். எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதே, குழாய் அடைத்துவிடும்.

புதன் ராத்திரி உள்ளே பனி தட்டுப்பட்டால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு. குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கொரு தடவை தண்ணீர் மாற்றி உருக்கிவிடலாம். நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா