மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை: வடக்குச் சுவரின் ஓதமும் குழு எடுத்த முடிவுகளும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

மண்டபத் திருப்பணி நிறைவடைந்துவிட்டது. மேல்தளத்தில் தட்டோடு மாற்றியதும், தூம்புகளில் அடைப்பு நீக்கியதும், கல் இடுக்குகளில் முளைத்திருந்த செடிகளை வேரோடு களைந்ததும் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. அவை குறித்து எவரும் கேள்வி எழுப்பவில்லை. ஒப்பந்ததாரரை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள், ஒரு கோடை முழுவதும் வடக்குச் சுவரில் வேலை ஏன் நடக்கவில்லை, செலவு ஏன் மிகுந்தது என்பவைதாம் தொடர்ந்து கேட்கப்படுகின்றன. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஏறிய ஓதம், அதாவது ஈரக்கசிவு. ஆகவே அதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

மண்டபத்தின் அடிவரிசை கருங்கல், அதற்கு மேல் சுவர் மணற்கல். நல்ல கருங்கல்லில் நுண்துளைகள் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். மணற்கல்லில் 5 முதல் 25 பங்கு வரை இருக்கலாம். கருங்கல் வரிசை தரைக்கு மேல் தெரிந்தவரை மண்ணின் ஈரம் மணற்கல்லை எளிதில் எட்டவில்லை. பின்னாளில் சுற்றிலும் தளத்தின் மேல் தளமாகச் சிமென்ட் போட்டு வந்ததில் அந்த வரிசை புதைந்து, மண் மணற்கல்லையே தொட்டது. தரை வழியாக ஆவியாக முடியாத ஈரமும் சுவரைத் தேடிப் போயிற்று. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் தானாக ஏறக்கூடும். ஆனால் அது எங்கே நிற்கும் என்பது, கீழிருந்து ஏறும் நீருக்கும் சுவரின் முகத்தில் ஆவியாகும் நீருக்கும் உள்ள வரவுசெலவைப் பொறுத்தது. அடிச்சுவரைச் சிமென்டால் மூடினால் ஓதம் ஒழியாது, மூடிய இடத்தைத் தாண்டி மேலே ஏறும். முழங்கால் உயரத்துக்கு இருந்த பழைய பூச்சுக்கு மேல், இடுப்பளவில் கல் அரித்திருந்ததற்கு அதுவே காரணம்.

ஒப்பந்ததாரர் பழைய பூச்சின் மேலேயே சிலிக்கோன் கலவை அடித்துச் சுவர் முழுவதையும் நீர் புகாதபடி ஆக்கிவிடலாம் என்றார். அவர் பூசிக் காட்டிய கல்லில் நீர் ஊற்றியபோது அது தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடியதைப் பார்த்த பலர் இன்றும் அதையே சொல்லிக் கேட்கிறார்கள். முகத்தில் அடிக்கும் மழை மட்டும் சிக்கலாக இருந்திருந்தால் அதைப் பற்றி யோசித்திருக்கலாம். இங்கே நீர் வருவது கீழிருந்தும் பின்னிருந்தும். பூசிய கல்லில் அது ஆவியாக மட்டுமே வெளியேற முடியும். அதில் கரைந்துள்ள உப்பு மேற்பரப்பை எட்டாமல் பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகும். சோடியம் சல்பேட் போன்ற உப்பு, ஈரம் பட்டுப் பத்து நீர் மூலக்கூறுகளை ஏற்றுக்கொள்ளும்போது ஏறத்தாழ நான்கு மடங்காகப் பருக்கிறது. துளைக்குள் அதற்கு இடம் ஏது?

வாதத்தால் முடிவு காணாமல், அடுத்தடுத்த இரு கற்களில் ஒன்றை மட்டும் பூசவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்திருந்தோம். பூசாத கல்லில் உப்பு வெளியே பூத்தது. மென்துடைப்பத்தால் தட்டியதும் போயிற்று. பூசிய கல்லைத் தட்டினால் பொள்ளல் ஓசை கேட்டது. விரல் பட்டதும் செதுக்கிய இதழ் ஒன்று ஏடாகப் பெயர்ந்து விழ, அதன் முதுகில் வெண்பொடி அப்பியிருந்தது. அன்றே பூச்சு வேலையை நிறுத்தினோம். கல்லே மட்டம் என்று சொல்லிவிட்டு அவர் விலகினார். முடித்த வேலைக்கு அளவுப் புத்தகத்தின்படி முழுத்தொகையும் கொடுத்தோம், பூச்சுக்குக் கொடுக்கவில்லை. அவருக்கு அநீதி இழைத்தோம் என்று பேசுவோர் அந்தப் பெயர்ந்த ஏட்டை ஒரு முறையேனும் வந்து பார்க்க வேண்டும்.

பிறகு சிமென்ட் பூச்சை உளியால் மெல்லக் கொத்தி எடுத்தோம். சுற்றுத்தளத்தைத் தோண்டித் தாழ்த்திக் கருங்கல் வரிசையை வெளிக்கொணர்ந்து, சரிவோடு வடிகால் அமைத்தோம். கல்லின் முகம் சில நாளில் உலர்ந்துவிடும். உள்ளே துளைக்குத் துளை தொடர்ந்து நின்ற நீர் அறுந்த பின் மிச்ச ஈரம் ஆவியாகித்தான் வர வேண்டும், அதை விரைவுபடுத்த முடியாது. அந்தக் கோடை அதற்காகவே கழிந்தது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை கல்லின் உப்பை உறிஞ்சி எடுக்கக் கையாளும் காகிதக்கூழ் முறையைப் பின்பற்றி, வாலை வடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) நனைத்த கூழை அப்பி உலர்த்தி உரித்து, உரித்த கூழில் உப்பு குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்தோம். இறுதியாக மூட்டுகளுக்குச் சுண்ணாம்புக் காரை வைத்தோம். மிகுந்த செலவு முழுவதும் இந்தப் பணிகளுக்கே சென்றது.

சுண்ணாம்பு முழுவதையும் ஏற்ற குடும்பத்தார், வடிகால் கல் தந்தவர்கள், தட்டோடு உபயம் செய்த மூன்று தலைமுறையினர், ஊதியம் பெறாமல் கூழில் உப்பளவு சோதித்துத் தந்த பேராசிரியை, சாரம் கட்டக் கம்பு கொடுத்தவர்கள், பெயர் வேண்டாம் எனச் சொல்லிப் பெருந்தொகை அளித்தவர், சிறுதொகையை மாதந்தோறும் தவறாமல் செலுத்திய ஓய்வூதியர்கள் ஆகிய அனைவருக்கும் குழு கடமைப்பட்டுள்ளது. உபயதாரர் பட்டியல் தனியே வைக்கப்பட்டுள்ளது.

மூட்டுக் காரை சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். கல்லுக்குப் பதிலாக உப்பை அது வாங்கிக்கொள்வதற்காகவே மென்மையாக வைக்கப்பட்டது. அடுத்து வரும் குழு அதைக் குறையாகக் கருதிச் சிமென்ட் வைத்துவிட வேண்டாம், சுற்றுத்தளத்தையும் மீண்டும் உயர்த்த வேண்டாம். வரவுசெலவு ஏடு, அளவுப் புத்தகம், சோதனைக் குறிப்புகள் ஆகியவை உறுப்பினர் பார்வைக்காக அலுவலகத்தில் உள்ளன.

திருப்பணிக் குழுவினர்