புதுக் கதவுக்கு ஒரு மழை, ஒரு வெயில்

மயிலாடுதுறை
புரட்டாசி

அன்புள்ள செல்வம்,

கிரகப்பிரவேசத்தன்று பந்திக் கூட்டத்தில் உன்னோடு பத்து நிமிஷம்கூடப் பேச முடியவில்லை. ஆனால் உன் அம்மா அந்தத் தேக்கு நிலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றது மனசிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நாங்கள் குடிவந்து மூன்று வருஷமாகிறது. மரம் என்ன கேட்கும் என்பது அதற்குள் கொஞ்சம் புரிந்திருக்கிறது.

ஐப்பசி பிறந்ததும் உன் கதவுகளில் ஒன்றிரண்டு கட்டாயம் இறுகும். தேக்கு மோசம் என்று கவலைப்படாதே. மரம் ஈரத்தை இழுத்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அசைவு இருக்காது என்றே சொல்லலாம். புது வீட்டில் சுவர்ப்பூச்சின் ஈரமே முழுசாகப் போயிருக்காது, மழையும் சேர்ந்துகொள்ளும். எங்கள் படுக்கையறைக் கதவு முதல் கார்த்திகையில் நிலையில் உரசியது. பொறுக்காமல் ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்துவிடச் சொன்னேன். சித்திரையில் கதவைச் சாத்தினால், உள்ளே எரியும் விளக்கு வெளியே ஒரு கோடாகத் தெரிந்தது. இன்றைக்கும் தெரிகிறது. இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, செல்வம். ஒரு மழையும் ஒரு வெயிலும் போகட்டும். அதுவரை உரசுகிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடு, போதும்.

ஒன்றை மட்டும் மழைக்கு முன்னால் செய்துவிடு. சின்னக் கண்ணாடி ஒன்றைக் கதவுக்கு அடியில் பிடித்துப் பார். முகப்பெல்லாம் பளபளக்கும், அடிவிளிம்பில் பாலிஷே பட்டிருக்காது. மேல்விளிம்பும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுவார்கள். சட்டத்தின் வெட்டுமுகம், அதாவது குறுக்கே அறுத்த முனை, அங்கேதான் இருக்கிறது, மரம் தண்ணீர் குடிப்பதும் அந்த வழியாகத்தான். நல்ல வெயில் நாளாகப் பார்த்து இரண்டு விளிம்புக்கும் இரண்டு கை பாலிஷ் அடிக்கச் சொல்.

அடுப்படிக்கு வருகிறேன். ஐஎஸ் 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் பிளைவுட்தான் போட்டிருக்கிறாய் என்று சொன்னாய், சந்தோஷம். ஆனால் பலகை நன்றாக இருந்தாலும் சேதம் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் குக்கரும் இட்லிப் பானையும் எப்போதும் ஒரே இடத்தில், மேல் கப்போர்டுக்கு நேர் கீழே. எட்டு மாதம் கழித்து அந்தக் கப்போர்டின் அடிவிளிம்பை விரலால் தடவினேன். ஒட்டியிருந்த பட்டை ஒரு நகம் நுழையும் அளவுக்கு எழும்பியிருந்தது. உள்ளே பிளைவுட் நனைந்த பிஸ்கட் ஓரம்போல ஊதியிருந்தது. நீராவி நேராக மேலே அடிக்காதபடி அடுப்பைத் தள்ளி வை. சிங்க்குக்குக் கீழே ஒரு பழைய பேப்பரை விரித்து வை. ஒரு சொட்டு ஒழுகினாலும் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். இரவு வேலை முடிந்ததும் அந்தக் கதவுகளைக் கொஞ்ச நேரம் திறந்து போட்டுக் காற்றாட விடு.

துடைப்பதற்கு நன்றாகப் பிழிந்த துணி, உடனே ஒரு காய்ந்த துணி, அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. கம்பி நார் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், நிலைவாசல். வெள்ளிக்கிழமை அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதே, அவர்களுக்கு வீடு என்றால் அதுதான். வாசல்படியின் மேல் ஒரு பித்தளைத் தகடு அடித்துக்கொடு. மஞ்சள் ஈரம் மரத்தின் மூட்டுக்குள் இறங்காது. மாவிலைத் தோரணத்துக்கும் இரும்பு ஆணி அடிக்காதே. ஈரம் பட்டால் ஆணியைச் சுற்றி மரம் கறுத்துப்போகும். பித்தளைக் கொக்கி போட்டுக்கொள்.

நிலையைச் சுற்றி ஓடும் மெல்லிய மரப்பட்டையை, அதான் பீடிங்கை, மாதம் ஒருமுறை குனிந்து பார். வைரம் பாய்ந்த தேக்கைப் பூச்சி லேசில் தொடாது, ஆனால் பீடிங்கில் வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிமரம், கலந்துவிடும். கீழே மைதா போலத் தூள் உதிர்ந்து, குண்டூசி ஓட்டைகள் தெரிந்தால் அது உளு, மரத்தைத் துளைக்கும் பூச்சி. சுவரோரம் மண்கோடு ஏறினால் கரையான். எதுவானாலும் அன்றைக்கே ஆளைக் கூப்பிடு.

அம்மா கதவுக்குத் தேங்காயெண்ணெய் தடவக் கேட்பார்கள். பழைய வீட்டு ஊஞ்சல் பலகைக்கு அப்படித்தான் செய்வார்கள், நாம் அதில் படுத்துப் பரீட்சைக்குப் படித்தோமே! அது பாலிஷ் காணாத மரம், குடித்துக்கொண்டது. பாலிஷ் போட்ட கதவில் எண்ணெய் மேலேயே நின்று தூசியைத்தான் பிடிக்கும்.

அந்தப் பலகையை என்ன செய்தாய்? அன்றைக்குக் கூடத்தில் தேடினேன், காணோம். பரணில் இருந்தால் ஈரம் படாமல் பார்த்துக்கொள். தீபாவளி முடிந்த வாரம் நானும் மீனாவும் வருகிறோம், கூடத்தில் மாட்டிவிடலாம்.

உன்
ராமு