அந்தக் காலிப் பெட்டியில் என்ன எழுதுவது?

அன்புள்ள தம்பிக்கு,

பதவி உயர்வு விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் நிரப்பிவிட்டு, ‘உங்கள் ஆய்வின் தாக்கம்’ என்ற பெட்டியை மட்டும் இரண்டு வாரமாகக் காலியாகவே வைத்திருப்பதாகச் சொன்னாய். பேசாமல் எச்-இண்டெக்ஸ் எண்ணைப் போட்டு முடித்துவிடலாமா என்றும் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பன்னாட்டு வணிகத்தை ஆராய்கிற உன் வயதுக்காரர்கள் பலர் இதே இடத்தில்தான் திணறுகிறார்கள். அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அந்த எண். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. எச்-இண்டெக்ஸ் 20 என்றால், உன் கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரே கட்டுரை எழுதி அதனால் துறையையே புரட்டிப்போட்டவருக்கு என்ன எண் வரும்? 1. யாரோ ஒருவர் ஒரே ஒருமுறை மேற்கோள் காட்டிய கட்டுரையை எழுதியவருக்கும் அதே 1. வேண்டுமானால் போட்டுக்கொள், தப்பில்லை. ஆனால் அதை மட்டும் போடாதே.

உன் மேசையிலேயே கிடக்கிற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஈர்ப்புச் சமன்பாடு. இரண்டு நாடுகளின் பொருளாதாரம் பெரிதாக இருந்தால் அவற்றுக்கிடையே வணிகம் கூடும், தூரம் அதிகமானால் குறையும். டின்பெர்கன் என்ற பொருளியலாளர் 1962-ல் இதை வணிகத் தரவோடு பொருத்திக் காட்டினார். அதற்குப் பிறகு நாற்பது வருடம் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்தோம்: இரண்டு பக்கமும் லாக் (மடக்கை) எடு, நேர்கோட்டைப் பொருத்து, தூரத்தின் கெழுவை, அதாவது தூரம் வணிகத்தை எவ்வளவு குறைக்கிறது என்ற எண்ணை, எழுது.

அட்டவணையில் ஒரு வரிசையை நினைத்துப் பார். ஏற்றுமதி செய்யும் நாடு, வாங்கும் நாடு, வருடம், மதிப்பு. மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது. மென்பொருள் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் அந்த வரிசையைத் தள்ளிவிடும். சிலர் சாமர்த்தியமாக எல்லா மதிப்புகளோடும் ஒன்றைக் கூட்டிவிட்டு லாக் எடுப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். டாலரில் வைத்து ஒன்றைக் கூட்டினால் ஒரு விடை, ஆயிரம் டாலரில் வைத்துக் கூட்டினால் வேறு விடை. அதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2006-ல் சான்டோஸ் சில்வா, சில்வானா டென்ரெய்ரோ என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். 1990-ஆம் வருடத் தரவு, 136 நாடுகள், 18,360 ஏற்றுமதி-இறக்குமதி ஜோடிகள். அவற்றில் வணிகம் நடந்திருப்பது 9,613-ல் மட்டும். கிட்டத்தட்ட பாதி உலகத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல்தான் நாமெல்லாம் உலக வணிகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பூஜ்யத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றையும் அவர்கள் காட்டினார்கள்: சராசரியின் லாக்கும் லாக்கின் சராசரியும் ஒன்றல்ல. பிழையின் (கணிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள இடைவெளியின்) சிதறல் ஜோடிக்கு ஜோடி மாறும்போது, லாக் எடுத்துச் செய்யும் கணக்கு சத்தமில்லாமல் சாய்ந்துவிடும். அவர்கள் சொன்ன மாற்று புதுக் கண்டுபிடிப்புகூட இல்லை. எண்ணிக்கைத் தரவுக்கென்று ஏற்கெனவே இருந்த பாய்சான் முறையை டாலர் மதிப்புக்கும் பயன்படுத்தலாம் என்றார்கள். அப்படிச் செய்ததும் தூரத்தின் விளைவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. காலனியத் தொடர்பின் விளைவு ஏறக்குறைய காணாமலே போனது.

அந்தக் கட்டுரைக்கு மேற்கோள்கள் மலை போலக் குவிந்திருக்கின்றன, சரி. நான் அதைத் தாக்கம் என்று சொல்ல மாட்டேன். உலக வணிக அமைப்பும், ஐ.நா.வின் வணிக-வளர்ச்சி அமைப்பான அங்டாடும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட கையேடு இந்த முறையைத்தான் பரிந்துரைக்கிறது. ஒரு வணிக ஒப்பந்தத்தை எடைபோடும் அதிகாரி அதைத் திறந்து வைத்துக் கணக்குப் போட்டால், பழைய முறையில் வந்திருக்காத ஓர் எண் அவர் கோப்பில் ஏறுகிறது. அவர் அந்த இருவர் பெயரையும் கேள்விப்படாதவராகவே இருக்கலாம்.

இதெல்லாம் ஐந்து வருடத்தில் நடக்காது என்பது வேறு கதை. பன்னாட்டு வணிகத்தைப் பற்றிப் பொருளியலாளர் பால் க்ருக்மன் எழுதிய 1979 கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியது. இன்னோர் இதழில் அதை மதிப்பிட்ட இரண்டு நடுவர்களும் வேண்டாம் என்று சொல்லியும் ஆசிரியராக இருந்த ஜகதீஷ் பகவதி துணிந்து வெளியிட்டார். நோபல் வந்தது 2008-ல். உன் படிவம் கேட்பதோ கடந்த ஐந்து வருடத்தை!

தாக்கம் எப்போதும் நீ விரும்பிய பக்கமே போகும் என்றும் நினைக்காதே. ஆட்டர், டோர்ன், ஹான்சன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2013-ல் வெளியிட்ட கட்டுரை உனக்கு மனப்பாடம். அமெரிக்காவை மக்கள் வேலைக்குப் போய்வரும் 722 வட்டாரங்களாகப் பிரித்து, சீன இறக்குமதி எங்கே எவ்வளவு அடித்தது என்று பார்த்தார்கள். 1990-லிருந்து 2007 வரை தொழிற்சாலை வேலைகளில் ஏற்பட்ட சரிவில் சுமார் கால் பங்குக்கு அதுவே காரணம் என்று வந்தது. வேலை போனவர்கள் வேறு ஊருக்கு நகர்ந்து பிழைத்துக்கொள்வார்கள் என்று பாடப்புத்தகம் சொன்னது. அவர்கள் அவ்வளவாக நகரவில்லை. துறைக்குள் இது பெரிய அடி. வெளியே, சுங்க வரியை உயர்த்தக் கேட்டவர்களுக்கு இது கொண்டாட்டம். மொத்தத்தில் வணிகம் நஷ்டம் என்று கட்டுரை எங்கும் சொல்லவில்லை. ஆனால் மேடையில் அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. அதே மூவர், இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, 2018-19-ல் அமெரிக்கா விதித்த சுங்க வரிகளின் விளைவை அளந்து 2024-ல் வெளியிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட தொழில்களில் வேலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மற்ற நாடுகள் போட்ட பதிலடி வரியால், குறிப்பாக விவசாயத்தில், வேலை போனது. தங்கள் எண்ணை எடுத்துக்கொண்டு ஊர் எங்கே போனது என்று பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது உன் பெட்டிக்கு வருகிறேன். உன் மூன்று கட்டுரைகளையும் ஓரமாக வை. இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு கோப்பு தயாரித்தாயே, சுங்கத்தில் பொருட்களை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீடுகள் 2007, 2012, 2017, 2022 என்று திருத்தப்படும்போதெல்லாம் எந்த ஆறு இலக்கம் எதுவாக மாறியது, எது இரண்டாகப் பிரிந்தது, எது இன்னொன்றோடு கலந்தது என்று வரிசை வரிசையாக. அதை ஆய்வு என்றே நீ எங்கும் குறிப்பிடவில்லை. அதை எழுது. யார் கேட்டு வாங்கினார்கள், எதற்குக் கேட்டார்கள், அதில்லாமல் அவர்கள் என்ன தப்பு செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுது. கேட்டு வந்த மின்னஞ்சல்களை அழித்துத் தொலைத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. போன வாரம் நானும் அந்தக் கோப்பைத்தான் பயன்படுத்தினேன். 2017 திருத்தத்தில் ஒரு குறியீடு மூன்றாகப் பிரிகிற இடத்தில் நீ இரண்டைத்தான் சேர்த்திருக்கிறாய். ஒரு பொருளின் ஏற்றுமதி அந்த வருடம் திடீரென்று விழுந்தது போலத் தெரிகிறது. வரிசை எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். விண்ணப்பத்தை அனுப்பும் முன் அதைச் சரிசெய்துவிடு.

அன்புடன்,
அண்ணன்