துட்டகைமுனு சிலையைத் தவிர்த்துப் போக வேண்டாம்

அன்புள்ள தம்பி,

தரம் 10 பிள்ளைகளை அநுராதபுரம் கூட்டிச் செல்வதாக எழுதியிருந்தீர். ருவன்வெலிசாய பெருந்தூபியில், தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள அரசன் துட்டகைமுனுவின் சிலைப் பக்கம் போகாமல் திரும்பிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர். போகத்தான் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அவனைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

தாதுகோபத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் உருவம் துட்டகைமுனு என்பது அங்குள்ள சனங்களின் நம்பிக்கை. அது அந்தப் பக்கம் பார்ப்பதும் பொருத்தம்தான். அந்தத் தாதுகோபத்தைக் கட்டுவித்தவன் அவன்தான். வேலை முடியுமுன்னரே நோயில் விழுந்துவிட்டான். தம்பி சத்தாதிஸ்ஸன் குறை வேலையை வெள்ளைத் துணியால் மூடி, முடிந்துவிட்டது போலக் காட்டினான் என்கிறது பிக்குமார் எழுதிய பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம். பல்லக்கில் வந்து அதைப் பார்த்துக்கொண்டே அரசன் உயிர்விட்டான்.

போரைச் சொல்லும்போது எல்லாளனை வெறும் எதிரியாக்கிவிடாதேயும். சோழ நாட்டிலிருந்து வந்து 44 வருடம் ஆண்டவன். அவனுடைய தேர் இடித்து ஒரு தூபியில் 15 கற்கள் பெயர்ந்தபோது, இறங்கி வந்து தன் தலையை வெட்டச் சொன்னான். பிறகு 15,000 கஹாபணம் (அக்கால நாணயம்) செலவழித்துத் திருத்தினான். இதை எழுதியவர்கள் தமிழர் அல்லர், அதே மகாவம்சம் எழுதிய பிக்குமார்.

நகரின் தெற்கு வாசலடியில் தனிச்சமரில் எல்லாளன் விழுந்ததும், வென்றவன் ஊரைக் கூட்டி உடலுக்கு எரியூட்டினான். அந்த இடத்தில் நினைவுத் தூபி எழுப்பி, வழிபடவும் கட்டளையிட்டான். அதைக் கடக்கும் இளவரசர்கள் மேளவாத்தியத்தை நிறுத்தினார்கள். ஆங்கிலேயருக்கு எதிரான 1818 கிளர்ச்சி தோற்றுத் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவ, வெள்ளைக்காரன் துரத்தும்போதுகூடப் பல்லக்கை விட்டிறங்கி, அந்த இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தே போனாராம். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம்!

எல்லாளன் சமாதி என்று சனங்கள் சொல்லிவந்த மேடு, தொல்லியலாளர் பரணவிதானவின் அகழ்வுக்குப் பிறகு தக்கிண தூபி என்ற பௌத்தத் தூபியாகிவிட்டது. அங்கே கிடைத்த சாம்பல் துட்டகைமுனுவுடையது என்றும் சொன்னார்கள். ஆய்வாளர் ஜேம்ஸ் இரத்தினம் 1981இல் அதை மறுத்து எழுதினார். சாம்பல் யாருடையது என்று நீர் தீர்ப்புச் சொல்லப் போகாதேயும். ஆனால் வென்றவனுக்குச் சிலை இருக்கிறது, தோற்றவனுக்கு அவன் கொடுத்த மரியாதைக்குத்தான் இன்று இடமில்லை என்பதை மறைக்காமல் சொல்லும். துட்டகைமுனுவின் பேரைச் சொல்லி மேடையில் கத்துகிறவர்கள் அவனுடைய அந்தக் கட்டளையை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அவனை நல்லவனாக்கிக் காட்டவும் தேவையில்லை. போருக்குப் பின் உறக்கமில்லாமல் தவித்தவனிடம், நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், பௌத்தரல்லாத மற்றவர்கள் மிருகத்துக்குச் சமம் என்று எட்டு அரகந்தர் (ஞானமடைந்த பிக்குகள்) ஆறுதல் சொன்ன கதையும் அந்தக் கட்டளை வரும் அதே 25ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது. பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

வெயிலேறுமுன் தக்கிண தூபிக்குப் போய், பிறகு ருவன்வெலிசாயவுக்கு வாரும். முற்றத்துக் கல் மத்தியானத்தில் பாதத்தைப் பொசுக்கும். சப்பாத்தும் தொப்பியும் கழற்ற வேண்டும். புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவையும். மகாவம்சத்தின் 21ஆம், 25ஆம் அத்தியாயங்களைப் போட்டோ பிரதி எடுத்து அனுப்புகிறேன், பஸ்ஸிலேயே வாசிக்கட்டும்.

அன்புடன்,
அக்கா