தேன்குழல் பாக்கெட்டையும் எடைக்குப் போட முடிய வேண்டும்

செட்டிநாட்டுப் பலகாரம் செய்து விற்கும் ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் காரைக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு வீட்டில் சேர்ந்த கவர்களை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோனேன். கடைக்காரர் பால் கவர்களை மட்டும் பிரித்து எடை போட்டார். உள்பக்கம் வெள்ளியாக மின்னும் முறுக்கு, சீப்புச் சீடை கவர்களைத் தொடவே இல்லை. "இதை யாரும் வாங்க மாட்டாங்க, எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை.

பால் கவர் முழுக்கப் பாலிஎதிலீன். உருக்கினால் மறுபடி பிளாஸ்டிக் மணியாகிவிடும். பலகாரக் கவரில் வெளியே பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), நடுவே அலுமினியம், உள்ளே பாலிஎதிலீன் என்று மூன்றையும் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பாலிஎதிலீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும், பெட் உருக 250 தாண்ட வேண்டும். சேர்த்தும் உருக்க முடியாது, பிரிக்கவும் எளிதான வழியில்லை. கடைசியில் அது ஊருணிக் கரையில்தான் கிடக்கிறது. மழைத் தண்ணீர் வரும் வரத்துக்காலை அடைத்துக்கொண்டு கிடந்ததை நானே கையால் அள்ளியிருக்கிறேன்.

அந்த அடுக்குகள் எதற்கு என்பதும் தெரியும். எண்ணெய்ப் பலகாரத்துக்குக் காற்றும் வெளிச்சமும் ஆகாது. வெறும் பாலிஎதிலீன் ஈரத்தைத் தடுக்கும், ஆக்சிஜனை விட்டுவிடும். சிங்கப்பூருக்குப் போகும் மணகோலம் சிக்கு வாடை அடித்தால் உங்கள் பெயர்தான் கெடும். அதனால் கவரை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஓலைக் கொட்டானும் தகர டின்னும் கல்யாணச் சீருக்குச் சரி, 200 கிராம் பாக்கெட்டுக்கு ஆகாது.

ஆனால் எல்லா அடுக்கையும் ஒரே இனப் பிளாஸ்டிக்கில் செய்யும் வித்தை வந்துவிட்டது. பாலிஎதிலீனையே ஒரு பக்கமாக இழுத்து விறைப்பாக்கி வெளி அடுக்காக வைக்கிறார்கள், உள்ளே சாதாரணப் பாலிஎதிலீன். ஆக்சிஜனைத் தடுக்க நடுவில் இவிஓஎச் என்ற மெல்லிய படலம். மொத்த எடையில் அது 5 சதவீதத்துக்குள் இருந்தால் உருக்கும்போது பெரிதாகக் கெடுக்காது. நைட்ரஜன் அடைத்தால் இன்னும் நல்லது. வெளிச்சத்துக்கு, வெளியே ஓர் அட்டைப் பெட்டி போதும்.

சிரமம் இல்லாமல் இல்லை. பெட் அடுக்கு இருந்தால் சீல் போடும் சூட்டைத் தாங்கும். முழுக்கப் பாலிஎதிலீன் என்றால் சூடு கொஞ்சம் கூடினாலும் சீல் மெஷினின் தாடையில் ஒட்டிக்கொள்ளும். மெஷினின் சூட்டைக் குறைத்து, மெதுவாக ஓட்டி, சில நாள் பழக வேண்டும். கவர் விலையும் ஆரம்பத்தில் கூடத்தான் இருக்கும்.

அரசு சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மறுசுழற்சி ஆகாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு வருடத்தில் நிறுத்த வேண்டும் என்று 2016இல் மத்திய அரசு விதி போட்டது. 2018இல் அதையே திருத்தி, எரித்து வெப்பம் எடுக்க முடிந்தால் போதும் என்று தளர்த்திவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்குக்குத் தடை வந்தது. பலகாரக் கவர் அப்படியே இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். தனித்தனியாகப் போய்க் கேட்டால், இத்தனை கிலோ எடுத்தால்தான் ரோல் ஓட்டித் தருவோம் என்று கவர் செய்பவர்கள் சொல்வார்கள். அப்புறம் மனசு விட்டுப்போகும். பத்து இருபது பேர் ஒரே அகலம், ஒரே கனத்தில் சேர்ந்து ஆர்டர் கொடுங்கள், பெயரை லேபிளில் ஒட்டிக்கொள்ளலாம். முதலில் தேன்குழலுக்கு மட்டும் போதும். சந்தேகம் இருந்தால் கிண்டியில் 1968 முதல் இயங்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் கவரைக் கொடுத்துக் காற்று எவ்வளவு புகுகிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு ஆடியிலேயே ரோல் எடுப்பவர்கள் நீங்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே, எப்போது என்று சொன்னால், அந்தக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். எந்தக் கவரை அவர் வாங்குவார் என்று அவரே தொட்டுப் பார்த்துச் சொல்வார்.

உங்கள் பலகாரம் தின்று வளர்ந்த
காரைக்குடிக்காரன்