நாற்பது பேர் இருந்தோம், ஒரு கை நீளவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'மயங்கி விழுந்தவரைப் பயிற்சி இல்லாதவர்கள் தொடாமல், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பதே நல்லது' என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் அண்ணன் அப்படித்தான் போனார். நாலு வருஷத்துக்கு முன், கல்யாணப் பந்தியில், ரசம் ஊற்றும்போது இலை மேலேயே சாய்ந்தார். ஒருவர் முகத்தில் சோடா தெளித்தார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். அண்ணனுக்கு வாய் திறந்து திறந்து, விட்டுவிட்டு இழுத்தது. "மூச்சு இருக்கு, காத்து வர விடுங்க" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். அது மூச்சே இல்லை, இதயம் நின்றபின் வரும் வெறும் இழுப்பு என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அடைமழையில் வண்டி வந்து சேர 18 நிமிடம். சுற்றி நாற்பது பேர் நின்றோம். அவர் நெஞ்சை அழுத்த ஒரு கை நீளவில்லை.

அழுத்தாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். இது உங்கள் மருத்துவப் பக்கத்துக்குத் தெரியாததா? பழகாதவர்கள் வாயில் ஊத வேண்டாம், நெஞ்சை அழுத்தினாலே போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008-லேயே சொல்லிவிட்டது. விலா எலும்பு முறியும் என்று பயமுறுத்தியிருக்கிறீர்கள். முறியலாம். முறிந்த விலா ஒட்டும். போன அண்ணன் வருவாரா?

முப்பது வருஷ வாசகி நான். இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று போன வருஷம் துணுக்கு போட்டீர்கள். தவறு என்று எழுதினேன். கடிதம் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து திணிக்கிற கதைக்குப் படம் வேறு வரைந்தீர்கள். மனசு விட்டுப்போயிற்று.

அண்ணன் போனபின், பள்ளி மைதானத்தில் ரப்பர் பொம்மை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். போய்ப் பழகினேன். இரண்டு நிமிடத்தில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பக்கத்திலிருப்பவர் மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட வேண்டும். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மற்றக் கை, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க மேலெழும்ப விட்டு அழுத்த வேண்டும். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. இது பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சும் கொடுக்க வேண்டும். அதை ஒரு டாக்டரை வைத்துத் தனியாக எழுதுங்கள்.

எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். எங்கள் தெரு மண்டபத்தில், பந்தி நடக்கும் கூடத்துச் சுவரில் ஒட்ட அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்