ரொட்டியை வாசலில் நிறுத்திவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறைக்கு வான் பிடித்து, தலவாக்கலையிலிருந்து கொழும்புப் பக்கம் உள்ள நீர்ப் பூங்கா ஒன்றுக்கு 11 பேர் போனோம். விடியற்காலை 3 மணிக்கு எழும்பி மருமகள் சுட்ட தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வாசலோடு வானுக்கே திரும்பின. வெளிச் சாப்பாடு கூடாதாம். பையைத் திறந்த காவலாளிக்கே சம்பல் வாசத்தில் எச்சில் ஊறியது, அது வேறு கதை.

உள்ளே 12.30க்கு வரிசையில் நின்று 1.45க்குத்தான் ஃப்ரைட் ரைஸ் கிடைத்தது. அன்று வெள்ளிக்கிழமை. மாமியாருக்கு மரக்கறிச் சாப்பாடு கேட்டால், கோழித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டை நீட்டுகிறார்கள்! பாவம், இரண்டு துண்டு பப்பாசியோடு மாலைவரை இருந்தார்.

திரும்பி வரும்போது கித்துல்கலையில் வானை நிறுத்தி, களனி கங்கையைப் பார்த்தபடி அந்த ரொட்டியைத்தான் சாப்பிட்டோம். காய்ந்துதான் போயிருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சரி, மரக்கறி உண்டா, வெளிச் சாப்பாடு கூடுமா என்பதை டிக்கெட் கவுண்டரிலேயே தமிழிலும் எழுதி ஒட்டலாமே? போகிறவர்களும் முதலே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், 11.30க்கே சாப்பிடப் போய்விடுங்கள். அந்த நேரம் மேசைகள் காலியாகத்தான் கிடந்தன.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
தலவாக்கலை